போகம் தவறாத உதவி

உணவுத் தட்டுப்பாடு ஒரு நாட்டைத் தாக்கும்போது அதன் வலியை முதலில் உணர்பவரும் அதிலிருந்து கடைசியாக மீள்பவரும் சிறு உழவரே. விளைச்சல் பொய்த்த மாதத்திலேயே அவருடைய வீட்டு நெற்கூடு காலியாகிவிடுகிறது; நெல் விளைவித்தவரே கடையில் அரிசி வாங்கி உண்ணும் நிலைக்கு வருகிறார்; அந்த அரிசிக்காக அவர் செலவிடும் பணம் அடுத்த விதைப்புக்கென ஒதுக்கியிருக்க வேண்டிய பணம். இவ்வாறு ஒரு போகத்தின் இழப்பு மறுபோகத்தின் இழப்பையும் தன்னுடன் இழுத்து வருவதால், பசித்தவருக்குச் சோறிடுவதோடு நின்றுவிடும் அறம் உழவரை மீட்பதில்லை. 2021 முதல் 2023 வரை இலங்கையில் நிகழ்ந்தவற்றை இந்தக் கோணத்தில் ஆராய்வது, அங்கே அரிசி அனுப்பிய தமிழ்நாட்டுக்கும், உலர் உணவுப் பொதிகளுக்குப் பணம் திரட்டிய புலம்பெயர்ந்தோருக்கும், இனி இத்தகைய உதவியில் இறங்கப்போகும் எவருக்கும் பயன் தருவதாகும்.

இலங்கையின் நெல் வேளாண்மை இரண்டு போகங்களைக் கொண்டது. வடகிழக்குப் பருவமழையை நம்பி செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைத்து மார்ச் வாக்கில் அறுவடை முடிப்பது பெரும்போகம். குளத்து நீரையும் தென்மேற்குப் பருவமழையையும் கொண்டு ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து செப்டம்பருக்குள் அறுவடை செய்வது சிறுபோகம். நாட்டின் நெல்லில் பெரும்பங்கு பெரும்போகத்திலிருந்தே வருகிறது. 1962-ஆம் ஆண்டிலிருந்து அரசு உர மானியம் வழங்கி வந்தது. 2005 முதல் நெல் உழவருக்கு 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்கே கிடைத்தது. அந்த மானியத்தின் துணையோடு அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவை எட்டிய நாடு, 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் (அந்நாட்டில் உரத்துக்கு வழங்கும் சொல் இது) இறக்குமதியை ஓர் அரசிதழ் அறிவிப்பின் வழியே தடைசெய்தது. பத்தாண்டுகளில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாறுவதாகத் தேர்தல் அறிக்கையில் சொல்லப்பட்டிருந்த திட்டம், குடியரசுத் தலைவர் கோத்தபய ராஜபக்சவின் ஆட்சியில் ஒரே போகத்துக்குள் சுருக்கப்பட்டது. மாற்றாக வாங்கப்பட்ட சீனச் சேதனப் பசளையில் பயிருக்குத் தீங்கு செய்யும் நுண்ணுயிரிகள் இருப்பதாக ஆய்வில் தெரியவந்ததால், அதைச் சுமந்து வந்த கப்பல் கரையிறக்க அனுமதியின்றித் திரும்பியது. இழப்பீடாக ஏறத்தாழ 67 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. நவம்பர் இறுதியில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போக நெல் வயலில் ஏற்கெனவே முளைத்து நின்றது. அதற்கு இடப் போதிய யூரியா நாட்டில் இல்லை.

பின்னர் வந்தது கணக்கின் கொடுமை. 2020-இல் டன் 250 டாலருக்கும் குறைவாக இருந்த யூரியாவின் உலக விலை, 2022 ஏப்ரலில், உக்ரைன் போருக்குப் பின், 900 டாலரைக் கடந்தது. அதே வேளையில் இலங்கை ரூபாய் டாலருக்கு 200-லிருந்து 360 வரை வீழ்ந்தது. அந்த விலையில் 50 கிலோ மூட்டை துறைமுகத்தில் இறங்கும்போதே 45 டாலர், அதாவது 16,000 ரூபாய்க்கு மேல். வறண்ட வலயத்தில் மூன்றரை மாத நெல்லுக்கு ஹெக்டேருக்கு 225 கிலோ யூரியா என்பது வேளாண்மைத் துறையின் பரிந்துரை. எனவே ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு மூட்டை வேண்டும். ஒரு காலத்தில் எழுநூறு ரூபாயில் முடிந்த செலவு முப்பதாயிரத்தைத் தாண்டியது. கள்ளச் சந்தையில் ஒரே மூட்டைக்கு அதையும் விஞ்சிய விலை கேட்கப்பட்டது. கிளிநொச்சியிலோ அம்பாறையிலோ இரண்டு ஏக்கர் வயல் செய்யும் ஒரு கமக்காரருக்கு (உழவருக்கு), சென்ற போகத்தில் விளைச்சல் பாதியாகக் குறைந்த நிலையில், இந்தத் தொகை எட்டாக் கனி.

நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி உணவுப் பொருள் விலையேற்றம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக உணவுத் திட்டமும் அவ்வாண்டு நடுவில் இணைந்து நடத்திய மதிப்பீடு, 63 லட்சம் பேர், அதாவது மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர், போதிய உணவுக்கு உறுதியில்லாதவர்கள் எனக் கண்டது. நெல் உள்ளிட்ட தானிய உற்பத்தி சுமார் 30 லட்சம் டன்னாக, 2017-இன் வறட்சிக்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவுக்கு, இறங்கியிருந்தது.

அரிசி வந்த மே மாதம்

தமிழ்நாடு அரசு 123 கோடி ரூபாய் மதிப்பில் 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, உயிர்காக்கும் மருந்துகள் ஆகியவற்றை அனுப்ப முடிவெடுத்து, 2022 ஏப்ரல் இறுதியில் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. முதல் தவணையாக 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் மருந்துகளும் மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. தொடக்கத்தில் இலங்கைத் தமிழருக்கென எண்ணப்பட்ட இந்த உதவி, பின்னர் இலங்கை மக்கள் அனைவருக்குமாக விரிந்தது; அது இரு கரைகளுக்கும் பெருமை சேர்த்த முடிவு. அந்த வாரங்களில் பால்மா வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். பல வீடுகளில் ஒரு வேளை உணவு குறைந்தது. அப்பொழுது வந்திறங்கிய அரிசியின் மதிப்பை எந்த ஆய்வும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆயினும் அதே வாரத்தில், மே 19 அன்று, புதிதாகப் பதவியேற்றிருந்த தலைமை அமைச்சர் ரணில் விக்கிரமசிங்க, சிறுபோகத்துக்கு உரம் பெறக் காலம் போதாமல் போகலாம் என்றும், பெரும்போகத்துக்குப் போதிய இருப்பை உறுதிசெய்ய முயல்வதாகவும் அறிவித்தார். அரிசிக் கப்பல் கடலில் இருந்த நேரத்தில் நாட்டின் வயல்கள் ஒரு போகத்தை இழந்துகொண்டிருந்தன என்பதே அந்த அறிவிப்பின் பொருள். கருணையிலோ பணத்திலோ மட்டும் குறை இருந்ததாகச் சொல்ல முடியாது. உதவியின் நாட்காட்டியும் பயிரின் நாட்காட்டியும் ஒன்றையொன்று பாராமல் ஓடின.

நெற்பயிர் உதவிக்காகக் காத்திருப்பதில்லை. பாஸ்பரஸ் சத்துத் தரும் அடியுரம் விதைக்கும்போதே மண்ணில் கலந்திருக்க வேண்டும். யூரியாவை விதைத்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை பிரித்துப் பிரித்து இட வேண்டும். முதல் தவணைகள் பயிரைத் தூர் கட்டச் செய்கின்றன, பிந்தியவை கதிர் உருவாகும் பருவத்தில் மணிகளின் எண்ணிக்கையைக் காக்கின்றன. அந்தக் காலம் தவறிய பின் இடும் யூரியா பெரும்பாலும் தாளை வளர்க்குமேயன்றி மணியைப் பெருக்காது. இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கி ஜூன் மாதத்தில் யூரியாவுக்கென வழங்கிய 5.5 கோடி டாலர் கடனுதவியின் கீழ் 44,000 டன்னுக்கும் மேற்பட்ட யூரியா ஜூலையில் கொழும்பு வந்தடைந்தது. தாமதமாக விதைத்தவர்களை அது காப்பாற்றியது, ஏப்ரலில் விதைத்தவர்களுக்கோ பருவம் கடந்திருந்தது. இது கொடை அன்று, கடன். இருந்தும் விதைப்பை நோக்கி வந்த முதல் பெரிய உதவி என்ற வகையில் அதற்குத் தனி இடமுண்டு.

உண்மையான திருப்பம் 2022-23 பெரும்போகத்தில் நேர்ந்தது. உலக வங்கியின் நிதியிலிருந்தும், உணவு வேளாண்மை அமைப்பின் வழியாக அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகள் கொடுத்த கொடையிலிருந்தும் யூரியா வாங்கப்பட்டு, கமநல சேவை நிலையங்கள் வழியே உழவர்களைச் சென்றடைந்தது. கமநல சேவை நிலையம் என்பது உழவர் பதிவையும் உர விநியோகத்தையும் கவனிக்கும் அரசின் ஊர்மட்ட அலுவலகம். நாடெங்கும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. பசளையை ஊர் வரை கொண்டு சேர்க்கும் இந்த வலை முன்பே இருந்ததுதான் இலங்கைக்கு வாய்த்த பெரும்பேறு. அது இல்லாத நாடுகளில் கொடையின் கணிசமான பகுதி கிடங்கு கட்டவும் பட்டியல் எழுதவும் செலவாகிவிடும். சீனா கொடையாகத் தந்த சுமார் ஒரு கோடி லிட்டர் டீசலின் பெரும்பகுதி நெல் உழவர்களின் அறுவடைக்கும் மீனவர்களுக்கும் பகிரப்பட்டது. உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் எரிபொருள் கிடைக்காமல் விளைந்த நெல்லே வயலில் உதிரும் அபாயம் இருந்த அந்த ஆண்டில், டீசலை உணவு உதவியாக எண்ணிப் பார்த்தது நுட்பமான சிந்தனை. 2023 மார்ச்சில் அமெரிக்க நிதியில் 36,000 டன் மும்மை சூப்பர் பாஸ்பேட், அதாவது நெல்லுக்கு அடியுரமாகும் பாஸ்பரஸ் உரம், வந்து சேர்ந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் உழவர்களுக்கு அது இலவசமாகப் பகிரப்பட்டது. சிறுபோக விதைப்புக்குச் சில வாரங்கள் முன்னதாக அது துறைமுகத்தில் இருந்தது என்பதே இங்கே கவனத்துக்குரியது. பல போகங்களாக அந்தச் சத்தைக் காணாத மண்ணுக்கு அது உரிய காலத்தில் கிடைத்தது.

2023 மே மாதம் வெளியான மறுமதிப்பீட்டில், போதிய உணவுக்கு உறுதியில்லாதவர்களின் எண்ணிக்கை 63 லட்சத்திலிருந்து 39 லட்சமாகக் குறைந்திருந்தது. அவ்வாண்டின் தானிய உற்பத்தி 41 லட்சம் டன்னாக இருக்குமெனக் கணிக்கப்பட்டது. விலையேற்றம் தணிந்ததும் இதற்கு ஒரு காரணமாதலால், உரம் ஒன்றே இதைச் சாதித்தது எனக் கூறுவது மிகையாகும். ஆனால் வயலில் நெல் இல்லாமல் சந்தையில் அரிசி விலை தணிந்திருக்காது என்பதும் உண்மை.

விதை எங்கே இருக்கிறது

தட்டுப்பாட்டுக்குப் பிறகு உதவ வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் விதை மூட்டைகளோடு வருகின்றன. உழவர் பசியில் விதைநெல்லையே உண்டுவிட்டார், ஆகவே விதை கொடுப்போம் என்னும் எண்ணம் இயல்பானது. ஆனால் எல்லா இடத்திலும் அது மெய்யன்று. 1994-இல் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட ருவாண்டாவில், பன்னாட்டு வேளாண் ஆய்வு நிலையங்கள் சேர்ந்து 'நம்பிக்கை விதைகள்' என்னும் திட்டத்தைத் தொடங்கின. அதன் தொடர்பில் லூயிஸ் ஸ்பெர்லிங் போன்ற ஆய்வாளர்கள் கண்டது எதிர்பாராதது: அந்நாட்டின் முதன்மை உணவான அவரை வகைகளின் விதை, அத்தகைய பேரழிவுக்குப் பின்னும், வீட்டுச் சேமிப்பிலும் அண்டை அயலாரிடமும் ஊர்ச் சந்தையிலும் பெருமளவு கிடைத்தது, அரசு வழங்கும் விதையைச் சார்ந்திருந்த உருளைக்கிழங்கே பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தது. விதை இருந்தது, அதை வாங்கக் காசு இல்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்த கத்தோலிக்க நிவாரண அமைப்பு ஒன்று 2000-ஆம் ஆண்டு முதல் கிழக்கு ஆப்பிரிக்காவில் விதைச் சந்தைகளை நடத்தியது. உழவர் கையில் ஒரு சீட்டு கொடுக்கப்படும், அதைக் காட்டித் தம் ஊர்க்காரரிடமே தமக்கு வேண்டிய பயிரின் விதையை அவர் வாங்கிக்கொள்வார், நிறுவனம் விற்றவருக்குப் பணம் தரும். கொடை ஊருக்குள்ளேயே சுற்றியது, மண்ணுக்குப் பழகாத விதை திணிக்கப்படவில்லை.

இலங்கைக்கும் இதே பாடம் பொருந்தியது. நெல் தன்மகரந்தச் சேர்க்கையுள்ள பயிர். நல்ல வயலில் விளைந்த நெல்லைக் காயவைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கலாம், கமக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களிடம் இல்லாதிருந்தது பசளையும் டீசலும் கைமாற்றுப் பணமுமே. மரக்கறி செய்வோரின் நிலை வேறு. காய்கறி விதைகளில் பெரும்பகுதி இறக்குமதியாவதால், டாலர் இல்லாத நாட்டில் நுவரெலியாவின் கேரட் தோட்டமும் யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்குத் தறையும் விதைக்காகவே தவித்தன. ஒரே மாவட்டத்தில் ஒருவருக்கு விதையும் மற்றவருக்கு உரமும் வேறொருவருக்குக் கைக்காசும் தேவைப்படும்போது, எல்லோருக்கும் ஒரே பொதியைக் கொடுப்பது கணக்கெழுதுவதற்கு எளிதேயன்றிப் பயிருக்கு ஏற்றதாகாது.

விதைப்புக்கான உதவியை இடையில் குறைத்தால் என்ன நேரும் என்பதற்கு மலாவி நாட்டின் அனுபவத்தை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1998-இல் அங்கே ஏறத்தாழ 28 லட்சம் சிறு உழவர் குடும்பங்களுக்குக் கால் ஏக்கருக்குப் போதுமான மக்காச்சோள விதையும் உரமும் இலவசமாக வழங்கப்பட்டன. முதல் இரண்டு ஆண்டுகளும் நல்ல அறுவடை. கொடையாளர்கள் செலவைக் குறைக்கச் சொன்னதால் 2001-க்குள் அது சுமார் பத்து லட்சம் குடும்பங்களாகச் சுருங்கியது. மழையும் பொய்த்து, சேமிப்புத் தானியமும் முன்பே விற்கப்பட்டிருந்த நிலையில் 2002-இல் பஞ்சம் வந்தது. அப்போது உணவு அனுப்ப ஆன செலவு, குறைத்து மிச்சம் பிடித்ததைக் காட்டிலும் பன்மடங்கு.

அறுவடை நாளில் வந்த இடர்

உழவர் மீட்சியின் மிகக் கடினமான பகுதி விளைச்சலுக்குப் பின்னால் இருக்கிறது, அதைப் பற்றியே கொடையாளர்கள் குறைவாக எண்ணுகிறார்கள். 2023 தொடக்கத்தில் இலங்கையின் பெரும்போக நெல் களத்துக்கு வந்தபோது விலை சரிந்தது. முந்தைய ஆண்டில் தட்டுப்பாட்டை ஈடுகட்டப் பெருமளவில் இறக்குமதியான அரிசி சந்தையில் இருந்தது; உழவர் கடன்பட்டிருந்தார், காயவைக்கக் களமும் சேர்த்துவைக்க இடமும் இல்லாததால் ஈர நெல்லை வயலோரத்திலேயே விற்றார்; நெல்லைக் கொள்முதல் செய்ய வேண்டிய நெல் சந்தைப்படுத்தும் சபையிடமோ பணம் இல்லை. முந்தைய ஆண்டின் விலையில் பசளை வாங்கி விளைவித்த நெல்லை, செலவுக்கும் கீழான விலையில் விற்கும் நிலை பலருக்கு ஏற்பட்டது.

இதைக் கண்ட அரசு, கிலோ 100 ரூபாய் விலையில் உழவரிடம் நெல் வாங்கி, அதை அரிசியாக்கி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாதம் 10 கிலோ வீதம் இரண்டு மாதங்களுக்கு இலவசமாக வழங்க முடிவெடுத்தது. நடைமுறையில் தாமதங்கள் இருந்தாலும் இதன் கருத்து மிகச் சரியானது; பசித்தவருக்கான உணவும் விற்க முடியாதவருக்கான சந்தையும் ஒரே செலவில் கிடைத்தன. 2022-இல் வெளிநாட்டு அரிசி தேவைப்பட்டது, ஏனெனில் உள்ளூரில் நெல் இல்லை. 2023-இல் அதே உதவி அதே வடிவில் தொடர்ந்திருந்தால், அது அப்போதுதான் எழுந்து நிற்கும் உழவரின் காலை வாரியிருக்கும்.

அறுவடைக்குப் பின் உழவரின் சந்தையைக் கவனிக்காமல் விடும் தவற்றின் விலையை எத்தியோப்பியா கண்டிருக்கிறது. 2000, 2001 ஆண்டுகளில் அங்கே மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது; வாங்குவோர் இல்லாமல் விலை வீழ்ந்து, அறுக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது எனச் சிலர் கதிரை வயலிலேயே விட்டார்கள். நட்டமடைந்தவர்கள் அடுத்த ஆண்டு உரமும் நல்ல விதையும் வாங்கவில்லை. 2002-இல் மழை தவறியபோது, 2003-க்குள் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் உணவு உதவியை எதிர்பார்த்து நின்றார்கள். உதவியே உள்ளூர்ச் சந்தையைக் குலைப்பதும் உண்டு: அமெரிக்க உபரித் தானியத்தை ஏழை நாட்டுச் சந்தையில் விற்று அந்தப் பணத்தில் தொண்டு நடத்தும் முறை நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. அது உள்ளூர் உழவரைக் கெடுக்கக்கூடும் எனக் கண்ட கேர் என்னும் தொண்டு நிறுவனம், ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 கோடி டாலர் வருவாயை இழப்பதாயினும் அந்த முறையிலிருந்து விலகப்போவதாக 2007-இல் அறிவித்தது. தன் வருமானத்தையே விட்டுக்கொடுத்து ஒரு தொண்டு நிறுவனம் தன் வழியைத் திருத்திக்கொண்ட இத்தகைய செயலைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

பட்டியலில் இல்லாதவர்கள்

கமநல சேவை நிலையத்தின் பதிவேடு உதவியை விரைவாகக் கொண்டு சேர்த்தது என்பது உண்மை; அந்தப் பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்களை அது விட்டுவிட்டது என்பதும் உண்மை. குத்தகைக்கு வயல் செய்பவரின் பெயர் பல இடங்களில் ஏட்டில் இருப்பதில்லை. நிலம் வேறொருவர் பெயரில் இருக்க, உரமும் அவர் பெயருக்கே எழுதப்படுகிறது. உள்நாட்டுப் போரில் கணவரை இழந்தோ தேடியோ வாழும் வடக்கின் வன்னிப் பெண்களில் சிலருக்கு, உழுது விளைவிப்பது அவர்களாயினும், காணியின் உறுதி அவர்கள் கையில் இல்லை. நெல்லுக்கு அப்பால் மேட்டுநிலத்தில் உளுந்தும் நிலக்கடலையும் செய்பவர்கள், மானியமும் கொடையும் நெல்லையே சுற்றியதால், தம் செலவைத் தாமே சுமந்தார்கள்.

மலையகத் தோட்டப்புறங்களின் நிலை இன்னும் கடுமை. 2022 மதிப்பீட்டில் தோட்டத் துறைக் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை போதிய உணவுக்கு உறுதியில்லாதவையாக இருந்தன. நகரத்தையும் ஊர்ப்புறத்தையும்விட இது மிக உயர்ந்த பங்கு. இரண்டு நூற்றாண்டுகளாகத் தேயிலையும் கோப்பியும் விளைவித்த அந்த மக்களிடம் தமக்கென ஒரு கறிவேப்பிலை மரம் வைக்கவும் சொந்த நிலம் அரிது. விதைப் பொட்டலமும் வீட்டுத்தோட்டப் பயிற்சியும் அங்கே வழங்கப்படுகையில், அவற்றை ஊன்ற எந்த நிலம் என்னும் கேள்வி உடனே எழுகிறது; காணி உரிமை இல்லாத இடத்தில் வேளாண் கொடை ஓர் எல்லைக்கு மேல் செல்லாது.

புலம்பெயர் ஊர்ச் சங்கங்களும் கோவில் அறக்கட்டளைகளும் இங்கே அரசால் இயலாததைச் செய்ய முடியும். எந்த வீட்டில் குத்தகை வயல், எந்த வீட்டில் நகை அடகில், யாருக்கு நெல் காயவைக்கத் தளம் இல்லை என்பதை ஊர் அறியும். பன்னாட்டு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து கண்டறிவதை ஊரார் ஒரு மாலையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தச் சங்கங்கள் திரட்டும் பணம் பெரும்பாலும் உலர் உணவுப் பொதியாகவே மாறுவதுண்டு. அதில் ஒரு பகுதி ஆகஸ்ட் முடிவதற்குள் உழவுக் கூலியாகவும் பசளைப் பணமாகவும் கமக்காரர் கையைச் சேர்ந்தால், மற்றொரு பகுதி பெப்ரவரியில் ஊருக்குப் பொதுவான நெற்களமாகவும் களஞ்சியமாகவும் மாறினால், ஈர நெல்லை வயலோரத்தில் விற்கும் கட்டாயம் அந்த ஊரளவிலேனும் தளரும். விலை தேறும் வரை நெல்லை இருத்திவைக்கச் சில மாதங்கள் போதுமானதாக இருக்கலாம். அந்த மாதங்களில் வட்டிக்காரரிடம் போகாமல் இருக்க ஒரு குடும்பத்துக்குக் கைகொடுக்கும் தொகையும் இதே உதவியிலிருந்து வரலாம்.